எண்ணற்ற தீர்வுகள், மூன்றுக்குப் பூஜ்யம்

ஜூன் 17, 2025, செவ்வாய்

உறுதியான செய்தி: செண்பகவல்லிக்குக் கணிதத்தில் 33. தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஆதாரம்: சஹ்யகிரி தொலைநிலைத் தேர்வுக் கழகத்தின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தாள். அசல். காலை 11.20க்கு மாட்டுங்கா அலுவலகத்தில் என் மேசையில் வைத்து நானே பார்த்தேன்.

அழைத்து வந்தவர் எங்கள் பத்திரிகையில் பக்கம் கட்டும் கலீலுல்லா. தாராவியில் அவர் குடியிருக்கும் சந்தில்தான் இவளும் இருக்கிறாள். வயது முப்பத்தேழு. மாஹிம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு ஆயா, பதினோரு ஆண்டாகக் கான்ட்ராக்ட். இப்போது ஆறு நிரந்தர இடம் வந்திருக்கிறது. பத்தாவது தேறிய சான்றிதழ் வேண்டும், வயது முப்பத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். செப்டம்பரில் இவளுக்கு முப்பத்தெட்டு. விண்ணப்பம் ஜூலை 31 மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. எட்டாவதோடு விட்ட படிப்பை எடுத்து, தமிழ் வழியில் தனியாக எழுதி, மற்ற பாடம் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு குறைவு.

விடைத்தாளின் நகலை முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தாள். பதினான்காவது கேள்வி:

2x + 3y = 7
4x + 6y = 14
இச்சமன்பாடுகளுக்கு எத்தனை தீர்வுகள் உண்டு? காரணத்துடன் எழுதுக. (3 மதிப்பெண்)

அவள் எழுதியிருப்பது: "இரண்டாவது சமன்பாடு முதலாவதின் இரு மடங்கு. ஆகவே இரண்டும் ஒன்றே. எண்ணற்ற தீர்வுகள்." பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம்.

"சரியாத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றாள். நாற்பது ஆண்டுகளாக என் மேசைக்கு வருகிற எல்லோரும் சொல்லும் வாக்கியம். நில மோசடிக்காரர்கள் இன்னும் உருக்கமாகச் சொல்வார்கள்.

எனக்குக் கணக்கு வராது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். செம்பூர் வீட்டில் மனைவி ஷ்யாமளாவிடம் தாளை நீட்டினேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்வதற்கு முன் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏன்னா, இதுல என்ன கேள்வி இருக்கு? ரெண்டாவது மொதலோட டபுள். புதுசா ஒண்ணும் சொல்லலை. நீங்க வி.டி.ங்கறேள், அனௌன்ஸ்மெண்ட்ல சி.எஸ்.எம்.டி.ங்கறா. ரெண்டு ஸ்டேஷனா என்ன?"

"அப்போ பதில்?"

"அவ எழுதினதுதான். யாரு இந்தப் பூஜ்யம் போட்ட மேதை?"

ஜூன் 18, புதன்

காலைக் காப்பியோடு ஷ்யாமளா சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஒரு சமன்பாடு என்றால் ஒரு கோடு. இரண்டு கோடுகள் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டால் ஒரே தீர்வு. இணையாகவே ஓடினால் தீர்வு இல்லை. ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டால் அந்தக் கோட்டில் உள்ள புள்ளி ஒவ்வொன்றும் தீர்வு, எண்ணி முடியாது. எத்தனை தீர்வு என்று கேட்டால் பதில் இந்த மூன்றில் ஒன்று. நான்காவது கிடையாது.

இதை எங்கள் தொழிலில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். தீப்பிடித்த கட்டடத்தைப் பற்றித் தீயணைப்புக்காரர் ஒன்று சொல்கிறார், எதிர்க் கடைக்காரர் வேறொரு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறார், இரண்டும் ஓரிடத்தில் வெட்டுகின்றன. அது செய்தி. அமைச்சர் ஒரு பக்கம் அறிக்கை விடுகிறார், அவருடைய செயலாளர் அதையே இரண்டு பக்கமாகத் தருகிறார். "ரெண்டு சோர்ஸ் கன்ஃபர்ம்" என்று எங்கள் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். இரண்டாவது முதலாவதின் இரு மடங்கு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எத்தனை கதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதவும் செய்கிறார்கள்.

ஒரு வார்டு ஆயாவுக்குத் தெரிந்தது.

ஜூன் 20, வெள்ளி

தாராவி. தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது திருப்பம், ஏணி ஏறி மேல் அறை. கணவர் மாரீஸ்வரன், பை தைக்கும் பட்டறையில் ஜிப் பொருத்துகிறவர். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இவளுக்கு ஏன் சார் இந்த வயசுல x, y எல்லாம்? ஏட்டி, ஆஸ்பத்திரியில பிள்ளையளுக்கு மாத்துத துணியில எங்க x இருக்கு, எங்க y இருக்கு? சாருக்குக் காட்டு பாப்பம்."

"ஆமா, நீரு ஜிப்பு மாட்டுதேரே, ரெண்டு பக்கமும் பல்லு சரியா வந்து கடிச்சாத்தான மூடும்? அதுவும் இதுதான் வே. வாய மூடிட்டு டீ வாங்கிட்டு வாரும்."

சிரித்துக்கொண்டே போனார். அவர் இறங்கியதும் அவள் குரல் மாறியது. "கான்ட்ராக்ட்ல இருந்தா மூணு மாசத்துக்கு ஒருக்கா கார்டு மாத்துவாவ சார். மாத்தும்போது யாரையாச்சும் நிப்பாட்டுவாவ. பதினோரு வருசமா ஒவ்வொரு மூணு மாசமும் லிஸ்ட்ல எம்பேரு இருக்கான்னு போயிப் பாக்கணும். பர்மனெண்ட் ஆயிட்டா அது இல்ல. அதுக்குத்தான். டாக்டராவதுக்கு ஒண்ணும் இல்ல."

எதைப் பார்த்துப் படித்தாள் என்று கேட்டேன். நாங்குநேரியிலிருந்து அக்கா மகளின் பழைய பாடப்புத்தகம் வந்திருக்கிறது. எடுத்துக் காட்டினாள். "எண்ணற்ற தீர்வுகள்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

கோவண்டி, கழக அலுவலகம், இரண்டாம் மாடி. துணைப் பதிவாளர் அம்மையார் விடைத்தாளைப் பார்க்கவில்லை, என் விசிட்டிங் கார்டைப் பார்த்தார். தமிழ்த் தாளா என்று ஹிந்தியில் கேட்டார். வேறு கிரகத்திலிருந்து தபால் வந்ததுபோல் ஒரு முகம்.

"கீ கே ஹிசாப் ஸே ஹுவா ஹை." விடைக்குறிப்பின்படி நடந்திருக்கிறதாம். விடைக்குறிப்பு என்ன சொல்கிறது? எண்ணிலடங்காத தீர்வுகள். மாணவி எழுதியது? "நோ சொல்யூஷன்" என்று மதிப்பிட்டவர் பதிந்திருக்கிறார். மாணவி அப்படி எழுதவில்லையே? "மதிப்பிட்டவருக்குத் தமிழ் தெரியும், எனக்குத் தெரியாது" என்றார்.

அதை ஒரு தகுதிச் சான்று போலச் சொன்னார்.

எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும் என்றார். கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

ஆசிரியர் பஞ்சுவிடம் சொன்னேன். "ஓய், கணக்கா? நம்ம வாசகா ராசிபலன் தாண்டி வரவே மாட்டா. அந்தப் பொம்மனாட்டி அழற மாதிரி ஒரு ஃபோட்டோ கிடைக்குமா?"

அவள் அழவில்லை என்றேன்.

"அப்போ நியூஸ் இல்லை" என்றார். முப்பது ஆண்டாக இவர் ஆசிரியர்.

ஜூலை 1, செவ்வாய்

கழகத்திலிருந்து இரண்டு கடிதம், ஒரே நாளில். தேர்வுப் பிரிவு எழுதியது ஒரு பத்தி: மதிப்பீடு விதிப்படி நடந்துள்ளது. குறைதீர்ப்புப் பிரிவு எழுதியது இரண்டு பத்தி: மதிப்பீடு விதிப்படி நடந்துள்ளது எனத் தேர்வுப் பிரிவு தெரிவிப்பதால், மதிப்பீடு விதிப்படி நடந்துள்ளது.

4x + 6y = 14.

மதிப்பிட்டவரைத் தேட வேண்டும். தாளின் மூலையில் T-2 என்று எண். தமிழ்க் கணிதத்துக்கு இரண்டே பேர்தான் என்று கழகத்தின் வாசல் எழுத்தர் சொன்னார். ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். T-2 மற்றவர், திலக் நகரில் கோச்சிங் வகுப்பு எடுக்கும் இளைஞர்.

ஜூலை 6, ஞாயிறு

திலக் நகர் ஸ்டேஷன் எதிரே டீக்கடை. பெயர் நிகில், வயது இருபத்தாறு, இன்ஜினியர். பெயர் அச்சில் வராது என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல பையன், ஒளிக்கவில்லை. கேள்வியைப் பார்த்த கணத்தில் "இன்ஃபினிட்" என்றான். கணக்கில் குறை சொல்ல முடியாது.

பிறகு அவள் எழுதியதைக் காட்டி, படி என்றேன்.

"இரண்… டாவது… சமன்… அங்கிள், நான் படிப்பேன், பட் ஸ்லோ. கடை போர்டெல்லாம் படிச்சிடுவேன். இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு எண்பது பேப்பர் குடுக்கறா. லாஸ்ட் லைன் மட்டும்தான் பாப்பேன்."

"சரி, லாஸ்ட் லைன்."

"எண்… அற்ற… தீர்வுகள். அற்ற இருக்கு பாருங்கோ. அற்றன்னா இல்லை. நம்பரே இல்லாத சொல்யூஷன், மத்லப், நோ சொல்யூஷன். ஸோ ராங்."

"எண்ணற்ற நட்சத்திரங்கள்னா?"

யோசித்தான். "ஸ்டார்ஸ் இல்லை. க்ளௌடியா இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அற்ற என்றால் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன். "ரூல் இருக்கு அங்கிள். எங்களுக்குக் கலைச்சொல் புக் ஒண்ணு குடுத்திருக்கா. ஃபர்ஸ்ட் பேஜ்லயே இருக்கு. அனுப்பறேன்."

ஜூலை 8, செவ்வாய்

வந்துவிட்டது, முதல் பக்கம் மட்டும், வாட்ஸாப்பில். அப்படியே எழுதுகிறேன்:

"மதிப்பீட்டாளர் கவனத்திற்கு: 'அற்ற' என்னும் ஈறு எச்சொல்லின் பின் வரினும் 'இல்லை' என்றே பொருள் கொள்க. எ-டு: தீர்வற்ற – தீர்வு இல்லை."

கீழே அதற்கு ஹிந்தி விளக்கம்.

வரினும்! கொள்க! தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கான குறிப்பில் இவ்வளவு மீசை முறுக்கல் எதற்கு? தீர்வு இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தீர்வற்ற" என்று ஒரு சொல்லைச் செய்துவிட்டு, செய்த பெருமையில் அதை விதியாகவும் ஆக்கியிருக்கிறான் மனிதன். எண்ணற்ற, அளவற்ற, கணக்கற்ற என்று மூன்று சொல் இருக்கிறதே, அதில் ஒன்றுகூடவா காதில் விழாமல் இருந்திருக்கும்? விழுந்திருக்கும். மேடைப் பேச்சுச் சொல் என்று ஒதுக்கியிருப்பான். இந்த வகை ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு பேர் கேட்கிற இடத்தில் "பேருந்து" என்பார்கள், வீட்டுக்கு பஸ்ஸில் போவார்கள்.

நிகிலை விட்டுவிடலாம். இந்த ஆளை விடக் கூடாது. பெயரைக் கண்டுபிடித்து அச்சில் போட வேண்டும். முழுப் பெயர், ஊரோடு.

செண்பகவல்லியிடம் போனில் சொன்னேன். "எந்த மடையன் சார் அவன்?" என்றாள். நானும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

கழகத்தின் நூலக அறையில் அந்தக் கலைச்சொல் கையேடு முழுவதும் பார்த்தேன். நாற்பத்தெட்டுப் பக்கம்.

உறுதியான செய்தி, பக்கம் 48, அடியில்: "தமிழாக்கமும் குறிப்பும்: ச. சந்திரமௌலி, மாட்டுங்கா. 2008."

ஆதாரம்: ஆவணம். இரண்டாவது ஆதாரம்: நான்.

ஜூலை 11, வெள்ளி

மறந்தேனா, மறக்க வசதியாக இருந்ததா?

ஜூலை 12, சனி

2008 மழைக்காலம். கழகம் தொடங்கிய ஆண்டு. மும்பையில் நல்ல தமிழ் எழுதுகிறவர் யார் என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள். அந்தக் கேள்வியிலேயே நான் கவிழ்ந்திருப்பேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். கணிதம் தெரிந்தவர் யாரிடமும் காட்டவில்லை. கணிதம் தெரிந்தவள் சமையலறையில் இருந்தாள், அவளிடமும் காட்டவில்லை. கடைசியில் ஒரு கூட்டம் வைத்துச் சால்வை போர்த்தினார்கள். நான் பேசினேன். பதினைந்து நிமிடம் என்று நினைவு, இன்னும் அதிகமாகவும் இருக்கலாம்.

"எண்ணற்ற" வேண்டாம், அலங்காரச் சொல், "முடிவிலித் தீர்வுகள்" என்று போடுவோம் – இதுவும் இப்போது நினைவுக்கு வருகிறது. பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எதையும் இரண்டு இடத்தில் சரிபார் என்று நாற்பது ஆண்டாகப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கிற ஆள்.

ஷ்யாமளாவிடம் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லிட்டேளா?"

"இல்லை."

"அந்த நிகில் பேரப் போட மாட்டேன்னு வாக்குக் குடுத்தேள். உங்களுக்கு யாரும் வாக்குக் குடுக்கலையே?"

"இல்லை."

"அப்போ போங்கோ. குடை எடுத்துண்டு போங்கோ."

இன்றைக்குப் போகவில்லை. மழை என்று ஒரு காரணம். நாளை ஞாயிறு என்று இன்னொன்று. இரண்டும் ஒரே காரணம்தான்.

ஜூலை 14, திங்கள்

போனேன். ஆஸ்பத்திரியின் பின்வாசல், காலை ஷிப்ட் முடியும் நேரம். மாரீஸ்வரனும் வந்திருந்தார், அவளைக் கூட்டிப் போக. கையேட்டின் கடைசிப் பக்க நகலைக் கொடுத்தேன். வாய்விட்டுப் படித்தாள், தடங்கலில்லாமல். என் பெயருக்கு வந்ததும் நின்றாள்.

"இது நீங்கதானா சார்?"

"ஆமாம்."

"அன்னைக்கு போன்ல எங்கூடச் சேந்து அந்த மடையன ஏசினியளே?"

"ஆமாம்."

மாரீஸ்வரன் கிளுக் என்று சிரித்துவிட்டார். "சார், ஒங்க தமிழு எங்க தமிழ அடிச்சே போட்டுட்டுல்லா!" அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். வாக்கியங்களைத் தயாராகத்தான் வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்கள். இரண்டாவதிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"சார், வருத்தப்படுததுக்கு எனக்கு டைம் இல்ல. இன்னும் பதினேழு நாள்தான் கெடக்கு. எழுதினவரே தப்புன்னு சொன்னா கேப்பாவளா மாட்டாவளா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்பார்கள் என்று நினைக்கிறேன்."

"நெனைக்காதிய. போயி கேளுங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

இந்த நோட்டில் ஒரு மாதமாக "அவள்" என்றே எழுதி வந்திருக்கிறேன். செய்தியில் யாரையும் நான் அப்படி எழுதுவதில்லை. வார்டு ஆயா என்பதால்தானே?

ஜூலை 16, புதன்

கோவண்டி. கையெழுத்திட்ட வாக்குமூலம், இரண்டு நகல்: விதியை எழுதியவன் நான், விதி தவறு, "எண்ணற்ற" என்றால் எண்ணிக்கைக்கு அடங்காத, மாணவியின் விடை சரி. நாங்குநேரிப் புத்தகத்தின் பக்கத்தையும் இணைத்தேன். இந்த முறை இரண்டு ஆதாரமும் தனித்தனி.

துணைப் பதிவாளர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கையேட்டை எழுதிய நிபுணரே சொன்னால் குழு கூடலாமாம். ஆனால் ஒரு சிக்கல். அந்தச் சந்திரமௌலி நான்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆதார் அட்டையைக் காட்டினேன். பெயர் சரி, ஆனால் கையேட்டை எழுதியதாக ஆதாரில் இல்லையே என்றார். மடையன் நான்தான் என்று நிரூபிக்க ஆவணம் தேடிக்கொண்டு கோவண்டியில் மழையில் நின்றேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நிரூபணம் எந்த அரசியல்வாதியிடமும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

பஞ்சு பத்திரிகையின் தாளில் சான்று கொடுத்தார்: "மேற்படி பிழையைச் செய்தவர் எமது மூத்த நிருபர் இவரே என உறுதியளிக்கிறேன்." இவ்வளவு சந்தோஷமாக அவர் கையெழுத்திட்டு நான் பார்த்ததில்லை.

கட்டுரையும் போடுகிறாராம். "உம்ம பேரோட வர்றதுன்னா அது நியூஸ் ஓய்!"

ஜூலை 19, சனி

வெளிவந்தது. ஐந்தாம் பக்கம், ராசிபலனுக்குப் பக்கத்தில். நிகில் பெயர் இல்லை. என் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது, நானே எண்ணிப் பார்த்து வைத்தது. செண்பகவல்லியைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பெயரைப் போட்டேன். "போடுங்க, ஆனா ஃபெயில்னு போடாதிய" என்றார். போடவில்லை.

காலையிலேயே மூன்று போன். மூவரும் பழைய நண்பர்கள். "தீர்வற்ற" என்பது அழகான சொல்தானே என்றார் ஒருவர். வைத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

மறுபடி இரண்டு கடிதம். தேர்வுப் பிரிவு: தாள் மறுபார்வை செய்யப்பட்டது, மாற்றம் இல்லை. ஆவணப் பிரிவு: தாள் இன்னும் கட்டிலிருந்து எடுக்கப்படவில்லை, எடுத்ததும் மறுபார்வைக்கு அனுப்பப்படும்.

இணைகோடுகள். எங்கேயும் சந்திக்காது. துணைப் பதிவாளருக்குப் போன் செய்தேன். "தோனோ ஸஹி ஹை" என்றார், இரண்டுமே சரி. அம்மையார் படித்தது என்ன பாடமோ, கணக்காக இருக்காது.

செண்பகவல்லி என்னிடம் சொல்லாமலே நேராகக் கோவண்டி போய், ஆவணப் பிரிவு வாசலில் மூன்று மணி நேரம் நின்று, கட்டை அவிழ்க்க வைத்திருக்கிறார். "அந்தப் பையன் கட்டத் தேடத் தெரியாம நின்னுட்டு இருந்தான் சார். மேல தமிழ்ல எழுதியிருந்துச்சி. நான்தான் படிச்சிக் காட்டினேன்."

ஜூலை 25, வெள்ளி

குழு கூடியது. உறுதியானவை, துணைப் பதிவாளர் வாய்மொழியாகவும் பின்னர் மின்னஞ்சலிலும் சொன்னது: தமிழில் கணிதம் எழுதியவர்கள் 41 பேர். பதினான்காம் கேள்விக்கு "எண்ணற்ற" என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பூஜ்யம். எல்லாத் தாளும் திருத்தப்படும்.

2008 முதல் இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்தது, எத்தனை பேர் "எண்ணற்ற" என்று எழுதினார்கள்? பழைய தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. தெரிய வழி இல்லை. இதை அடுத்த கட்டுரையில் எழுத வேண்டும், எழுதுவேன்.

செண்பகவல்லிக்கு மூன்றில் இரண்டு. ஒன்றைக் குறைத்தார்கள், கெழுக்களின் விகிதத்தை எடுத்துக் காட்டவில்லை என்று. "இரு மடங்கு" என்று எழுதியிருப்பது விகிதம் இல்லையாம். வாதாடலாம் என்றேன்.

"முப்பத்தஞ்சு ஆச்சில்லா?"

"ஆச்சு."

"அப்போ வாயத் தொறக்காதிய சார். மாத்திரப் போறாவ."

ஜூலை 27, ஞாயிறு

கையேட்டையும் திருத்தித் தரச் சொல்லிக் கழகத்திலிருந்து கேட்டார்கள், என்னையே. யாரிடமும் காட்டாமல் செய்து கொடுக்கிற பழக்கம் போதும் என்று ஷ்யாமளாவையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். மேல் அறையில் தரையில் தாள்களைப் பரப்பி மூன்று பேரும் உட்கார்ந்தோம். கணக்கை ஷ்யாமளா பார்த்தாள். சொல்லைச் செண்பகவல்லி பார்த்தார். நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தீர்வற்ற" வந்தது. அடித்தார். மேலே "தீர்வு இல்லை" என்று எழுதினார். "இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே சார்? இதுக்கு எதுக்கு இத்தன சுத்து?"

"முடிவிலித் தீர்வுகள்" வந்தது. ஷ்யாமளாவைப் பார்த்தார்.

"கணக்குப்படி தப்பில்லை" என்றாள் ஷ்யாமளா.

"அப்போ இருக்கட்டும்க்கா. பக்கத்துல எங்க சொல்லையும் போட்டுருவோம். ரெண்டுல எத எழுதினாலும் மார்க்கு குடுக்கணும்னு கீழ எழுதுங்க. சாதாத் தமிழ்ல."

நான் எழுதினேன். "எழுதப்பெறினும்" என்று ஆரம்பித்தேன் போலிருக்கிறது. இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அடித்துவிட்டு "எழுதினாலும்" என்று போட்டேன்.

மொத்தம் முப்பத்தொரு சொற்களை அடித்தார். இருபத்தெட்டு சரி. மூன்றுக்கு வாதாடினேன், ஒன்றில் வென்றேன்.

ஜூலை 30, புதன்

உறுதியானது: 35, தேர்ச்சி. ஆதாரம்: திருத்திய மதிப்பெண் தாள். இன்று பிற்பகல் கழகத்தில் பதிவாளரின் மேசையில் இருக்கப் பார்த்தேன். தொடவிடவில்லை.

செண்பகவல்லி நாளைக்கு லீவு சொல்லிவிட்டார். இன்று ஷிப்ட் முடிந்ததும் கோவண்டிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி, வடாலாவில் மாறி, மாஹிமில் இறங்கி, நாளை ஐந்து மணிக்கு மூடும் ஆஸ்பத்திரி கவுண்டர் வரை நடந்து பார்த்திருக்கிறார். 47 நிமிடம். வடாலாவில் வண்டி காத்திருந்தால் 41. விண்ணப்பம், போட்டோ, மற்ற நகல்கள் எல்லாம் மாரீஸ்வரன் தைத்துக் கொடுத்த ஜிப் பையில் தயார்.

நானும் வருகிறேன் என்றேன். யோசித்தார். "வாங்க. ஆனா அங்க வச்சி யாரையும் ஏசப்படாது. முடிஞ்ச பொறவு எத்தன வேணும்னாலும் ஏசிக்கிடுங்க."

சரி என்றேன். பத்து மணிக்குப் பதிவாளர் அறை வாசலில்.

நிலுவை: பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும். அவர் வெளியூர்க் கூட்டத்திலிருந்து திரும்ப வேண்டும். எதிர்பார்க்கும் நேரம், அவருடைய உதவியாளர் சொன்னது: நாளை வியாழன், மாலை நான்கு மணி. இரண்டாவது ஆதாரம் இல்லை.